காத்தலானை விட்டு எழுதிய ஸ்பானிய வரலாறு

ஸ்பானிய இலக்கிய வரலாற்றை ஒரே கோடாக இழுப்பது வழக்கமாகிவிட்டது. சித் காவியத்தில் தொடங்கி செலஸ்தினா, செர்வாந்தெஸ் வழியாக லோர்க்காவரை வந்து, அங்கிருந்து கடல் தாண்டி லத்தீன் அமெரிக்காவுக்குப் போகும் கோடு அது. இந்த வரைபடத்தில், பார்சலோனா, வலேன்சியா பகுதிகளின் மொழியான காத்தலானுக்குக் கிடைப்பது ஓர் அடிக்குறிப்பு: இடைக்காலத்தில் செழித்தது, முந்நூறு ஆண்டு உறங்கியது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் விழித்தது. இந்த வரைபடத்தை நாம் ஏற்கவில்லை. நாம் ஸ்பானியம் என்று சொல்லும் கஸ்தீலிய மொழியின் பெரும்படைப்புகளே காத்தலானிடம் கடன்பட்டவை. காத்தலான் பின்தங்கியதற்குக் காரணம் படைப்பு வறட்சி அல்ல. அரசவையும் பள்ளியும் அச்சகமும் அதன் கையைவிட்டுப் போனதே காரணம்.

1605இல் வெளிவந்த ‘தோன் கிஹோத்தே’ முதல் பாகத்தின் ஆறாம் அத்தியாயத்தைப் பாருங்கள். கிஹோத்தேயின் மூளையைக் கெடுத்த வீரக்கதைகளைப் பாதிரியாரும் நாவிதரும் ஒவ்வொன்றாகப் புரட்டி நெருப்புக்கு அனுப்புகிறார்கள். இடையில் ஒரு புத்தகம் கீழே விழுகிறது. உலகிலேயே சிறந்த புத்தகம் இது என்று பூரித்துப்போகிறார் பாதிரியார். காரணமும் சொல்கிறார்: இதில் வீரர்கள் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், உயில் எழுதிவைத்துவிட்டுக் கட்டிலில் சாகிறார்கள். ‘திராந்த் லோ பிளாங்க்’ என்ற அந்த நூல் ஜுவானோத் மார்த்தோரெல் காத்தலானில் எழுதியது, 1490இல் வலேன்சியாவில் அச்சானது. 1511இல் வல்லதோலிதில் வந்த கஸ்தீலிய மொழிபெயர்ப்பில் ஆசிரியர் பெயரே கிடையாது. நவீன நாவலின் தொடக்கம் என்று உலகம் கொண்டாடும் நூல், எதைத் தனக்கு முன்மாதிரியாகக் காட்டியதோ அந்த நூல் கஸ்தீலிய வாசகரிடம் பெயரற்றுப் போய்ச் சேர்ந்தது. கவிதையிலும் இதே கதைதான். அதுவரை காத்தலான் கவிஞர்கள் கைக்கொண்டிருந்த புரோவென்சால் மொழியை உதறிவிட்டுத் தன் மொழியிலேயே காதலின் வாதையை எழுதியவர் பதினைந்தாம் நூற்றாண்டு வலேன்சியக் கவி அவுசியாஸ் மார்க். கஸ்தீலிய மறுமலர்ச்சிக் கவிதையைத் தொடங்கிவைத்த போஸ்கானும் கார்சிலாசோவும் அவரைப் படித்துக் கற்றவர்கள்.

போஸ்கானைச் சொன்னதுமே ஒரு மறுப்பு எழும். அவர் பார்சலோனாவில் பிறந்தவர். 1526இல் கிரானாதாவில் வெனிஸ் தூதர் நவாஜெரோ தூண்ட, இத்தாலிய யாப்பைக் கஸ்தீலியத்துக்குக் கொண்டுவந்தார். அன்று காத்தலானுக்கு எந்தத் தடையும் இல்லை. ஒரு மொழியின் பிள்ளையே விரும்பி வேறு மொழிக்குப் போனால் அது இயல்பான தேய்வுதானே என்று கேட்பார்கள். வலுவான கேள்விதான். ஆனால் போஸ்கான் இளமையிலேயே அரசவைக்குப் போனவர். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் கஸ்தீலியப் பகுதியின் அரசகுலமும் காத்தலான் பகுதியின் அரசகுலமும் இணைந்தபின் அவையும் ஆதரவும் பெருவாரியான வாசகரும் கஸ்தீலியப் பக்கம் சேர்ந்துவிட்டன. ஒரு மொழியில் எழுதினால்தான் எழுத்தாளனுக்கு இடம் உண்டு என்ற நிலை, மற்ற மொழி மலடு என்பதற்குச் சான்றாகாது. உறக்கம் என்பதும் மிகை. பதினெட்டாம் நூற்றாண்டிலும் மல்தா பிரபு பார்சலோனாவின் அன்றாடத்தைப் பல பத்தாண்டுகள் காத்தலானில் நாட்குறிப்பாக எழுதிக்கொண்டுதான் இருந்தார். அச்சில் வராத எழுத்தை இல்லாத எழுத்தென்று கணக்கெழுதியது பிற்கால வரலாறு. மேலும், 1714இல் பார்சலோனா வீழ்ந்தபின் காத்தலானுக்கு எதிராக வந்த அரசாணைகளும், 1939க்குப் பின் பிராங்கோ ஆட்சியின் ஒடுக்குமுறையும் யாருடைய விருப்பத் தேர்வும் அல்ல.

அமைப்புகள் திரும்பியபோது என்ன நடந்தது என்பதே சரியான சோதனை. 1859இல் பார்சலோனாவில் காத்தலான் கவிதைப் போட்டிகள் மீண்டும் தொடங்கின. 1877இல் வெர்தகேரின் ‘அத்லாந்திதா’ காவியம் அங்கே பரிசு பெற்றது. 1905இல் கத்தெரீனா ஆல்பெர்த், ஆண் புனைபெயரில் ‘சொலிதுத்’ நாவலைத் தந்தார். 1913இல் பொம்பேவ் ஃபாப்ரா வகுத்த எழுத்து நெறிகள் வந்தன. உள்நாட்டுப் போரில் இவையெல்லாம் நொறுங்கியபின், ஜெனீவாவில் அகதியாக இருந்த மெர்சே ரொதொரேதா ‘லா பிளாசா தெல் தியமாந்த்’ எழுதினார், 1962இல் வெளிவந்தது. போரில் கணவனை இழந்து, வயிற்றுக்கு வழியின்றி, பிள்ளைகளுக்கு அமிலம் கொடுத்துத் தானும் சாக முடிவெடுத்து அதை வாங்கக் கடைக்குப் போகும் ஒரு பார்சலோனாப் பெண், தன் கதையைத் தானே சொல்கிறாள். கடைக்காரர் அவளைத் திருப்பி அழைத்து வேலை தருகிறார். அரசியல் முழக்கம் ஒன்றுகூட இல்லை. வாசலும் புறாக்களும் வீட்டுவேலையும்தான். நாடுகடத்தப்பட்டவரின் நினைவில் இருந்த பேச்சுமொழி, போரின் முழுக் கனத்தையும் தாங்குகிறது.

இதெல்லாம் தேசியவாதம் என்று ஒதுக்குவோரும் உண்டு. 2007 ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியில் காத்தலான் பண்பாடு சிறப்பு விருந்தினராக இருந்தபோது, கஸ்தீலியத்தில் எழுதும் பார்சலோனா எழுத்தாளர்களின் இடம் என்ன என்ற சர்ச்சை கிளம்பியது. நம் நிலை இது: இலக்கியம் அது எழுதப்பட்ட மொழிக்கு உரியது, பார்சலோனாவின் ஹுவான் மர்சே கஸ்தீலிய நாவலாசிரியர்தான். ஆனால் அவர் நாவல்கள் நடமாடும் தெருக்களில் இரு மொழிகளும் உராய்கின்றன. ஒன்றை விட்டு மற்றதைப் படித்தால் இரண்டுமே பாதிதான் புரியும்.

தமிழ்ச் சிற்றிதழ்கள் கொண்டாடிய கார்சியா மார்க்வெஸ் 1967 முதல் சில ஆண்டுகள் பார்சலோனாவில் வாழ்ந்தவர். ரொதொரேதா 1983இல் இறந்தபோது, உள்நாட்டுப் போருக்குப் பின் ஸ்பெயினில் வந்த நாவல்களில் மிக அழகானது ‘லா பிளாசா தெல் தியமாந்த்’தான் என்று மார்க்வெஸ் எழுதினார். மார்க்வெஸை நம்பும் வாசகர்கள் இந்தச் சொல்லையும் நம்பலாம். ரொதொரேதா, மார்க், மார்த்தோரெல் ஆகியோரின் பக்கங்களைத் தமிழில் தர முன்வரும் மொழிபெயர்ப்பாளர்கள் எங்களுக்கு எழுதுங்கள். இதழில் இடம் இருக்கிறது.