ஆலாக்களுக்குக் காவல்

கடற்கரைக்குப் போனால் பறவைகளைப் படம் பிடிக்க யாருக்குத்தான் ஆசை இராது? அந்த ஆசை உள்ள சகோதரிகள் எம்மா டர்னர் என்ற ஆங்கிலப் பெண்மணியை அறிந்திருப்பது நல்லது.

பறவைகளைப் படம் எடுப்பதில் பேர் பெற்றவர் அவர். இங்கிலாந்தில் நார்போக் கரையோரம் ஸ்கோல்ட் ஹெட் என்று ஒரு மணல் தீவு. ஆலாப் பறவைகள் அங்கே கூட்டமாக முட்டையிடும். கூடு என்று பிரமாதமாக ஒன்றும் கிடையாது. மணலில் சிறு பள்ளம், அவ்வளவுதான். முட்டையும் மணல் நிறம். வேடிக்கை பார்க்க வந்தவர்களால் முட்டைகள் நாசமாயின. 1924-ல், ஐம்பது வயதைத் தாண்டிய டர்னர், அந்தத் தீவில் ஒரு குடிசையில் தங்கிக் காவல் இருந்தார். இங்கிலாந்திலேயே தனிமையான பெண் என்று பத்திரிகைகள் எழுதின. அத்தனை பறவைகள் சூழ இருந்தவருக்குத் தனிமை ஏது!

மிதிப்பது மட்டுமா ஆபத்து? ஆலாவில் ஆணும் பெண்ணும் முறை வைத்து, சுமார் மூன்று வாரம் அடைகாக்கும். நாம் அருகே போய் நின்றால் பறவை எழுந்துவிடும். முட்டை வெயிலில் வெந்துபோகும். இல்லாவிட்டால் காக்கைக்கு இரையாகும்.

நம் கரைகளிலும் சின்ன ஆலா கோடையில் மணலில் முட்டையிடுவதுண்டு. தலைக்கு மேல் ஒரு பறவை கத்திக்கொண்டு வட்டமிட்டால், படத்துக்குத் தோதாக வந்திருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். முட்டை பக்கத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, வந்த சுவட்டிலேயே திரும்புங்கள். படத்தைத் தூரத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

தொட்டிலில் தூங்கும் குழந்தையை எழுப்பியா படம் பிடிப்போம்?