குதிரைக்கும் முதுகு வலி!

மனிதனுக்கு முதுகு வலித்தால் "ஐயோ, அம்மா" என்கிறான். பாயை விரித்துப் படுத்துக் கொள்கிறான். குதிரை என்ன செய்யும்?

காதைப் பின்னால் மடக்கும். வாலை வீசி அடிக்கும். சேணம் வைக்கப் போனால் கடிக்க வரும். மேலே ஏறினால் துள்ளிக் குதித்து ஆளைக் கீழே தள்ளும்.

உடனே அதற்கு ஒரு பெயர் கிடைக்கிறது: "முரட்டுக் குதிரை!"

பெயருக்குப் பின்னாலேயே சாட்டை வருகிறது. சாட்டைக்கும் அடங்காவிட்டால் விற்று விடுகிறார்கள். விற்ற குதிரை எங்கே போகும்? அமெரிக்காவில் இறைச்சிக்காகக் குதிரை வெட்டும் கடைசிக் கூடங்கள் 2007-ம் ஆண்டு மூடப்பட்டன. ஆனால் அதற்குப் பிறகும், யாருக்கும் வேண்டாத குதிரைகளை லாரியில் ஏற்றி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் அனுப்பினார்கள். அங்கே வெட்டுவதற்குத்தான்!

முதுகு வலிதானே என்று நினைக்கலாம். குதிரைக்கு அது உயிர்ப் பிரச்சினை.

இந்த வலியை வெறும் கையாலேயே போக்குகிறோம் என்று சொல்லும் வைத்தியர்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் வைத்தியத்துக்குக் "கைரோபிராக்டிக்" என்று பெயர். மருந்து கிடையாது. ஊசி கிடையாது. கத்தியும் கிடையாது.

குதிரைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைப் போட்டு, அதன் மேல் வைத்தியர் ஏறி நிற்பார். குதிரையின் முதுகெலும்பைக் கையால் தடவிக் கொண்டே போவார். விறைப்பான இடம் தட்டுப்பட்டதும், "டக்" என்று ஒரு தள்ளு! அவ்வளவுதான். கை அடுத்த இடத்துக்குப் போய்விடும். குதிரை கண்ணைப் பாதி மூடிக் கொட்டாவி விட்டால், சொந்தக்காரரின் முகம் மலரும்.

இதில் பலன் உண்டா? கொஞ்சம் உண்டு. ஆனால் பலனைவிடப் பேச்சு அதிகம்.

காது கேட்டதாம்!

இந்த வைத்தியம் பிறந்த கதை வேடிக்கையானது.

1895-ம் ஆண்டு. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் டாவன்போர்ட் என்ற ஊர். அங்கே டி.டி.பால்மர் என்பவர் காந்த வைத்தியம் செய்து கொண்டிருந்தார். அவர் இருந்த கட்டிடத்தில் ஹார்வி லில்லார்டு என்ற வேலைக்காரர் இருந்தார். அவருக்குப் பல ஆண்டுகளாகக் காது சரியாகக் கேட்காது. அவருடைய முதுகில் ஓர் எலும்பு பிசகி இருப்பதாகப் பால்மருக்குத் தோன்றியது. அதைக் கையால் அழுத்தித் தள்ளினார். காது கேட்டுவிட்டது என்றார்!

காதுக்குப் போகும் நரம்பு முதுகு வழியாகப் போவதே இல்லை. அது மண்டைக்குள்ளேயே மூளைக்குப் போய்விடுகிறது. டாக்டர்கள் சிரித்தார்கள். பால்மர் அசரவில்லை. பள்ளிக்கூடமே தொடங்கினார். லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்தார் என்று 1906-ல் ஜெயிலுக்கும் போனார். ஆனாலும் வைத்தியம் பரவியது.

மனிதனிடமிருந்து அது குதிரைக்கு வந்தது. இங்கிலாந்தில் ஜான் மெக்டிமனி என்பவர் 1950-களில் மிருகங்களுக்கும் இதைச் செய்யத் தொடங்கினார். அமெரிக்காவில் ஷாரன் வில்லோபி என்ற பெண் டாக்டர், கால்நடை வைத்தியம், கைரோபிராக்டிக் இரண்டையும் படித்தவர். 1980-களில் அவர் மற்றவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார். 1989-ல் இதற்கென்று அங்கே ஒரு சங்கமே ஏற்பட்டது.

எலும்பு நழுவுமா?

குதிரையின் எடை சுமார் 500 கிலோ. கழுத்தில் 7 எலும்பு. (மனிதனுக்கும் கழுத்தில் 7-தான்!) மார்புப் பகுதியில் 18. இடுப்பில் 6. அதற்குப் பின்னால் 5 எலும்புகள் ஒன்றாக ஒட்டிக் கிடக்கின்றன. பிறகு வால். இவை எல்லாவற்றையும் கெட்டியான தசைநார்கள் இறுக்கிக் கட்டி இருக்கின்றன. மேலே கனத்த சதை போர்த்தி இருக்கிறது.

"உங்கள் குதிரைக்கு எலும்பு இடம் மாறிவிட்டது. நான் பழைய இடத்தில் வைத்துவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால், நம்பக் கூடாது. முதுகெலும்பு உண்மையிலேயே இடம் மாறினால் குதிரை நிற்காது, விழுந்துவிடும். கையால் தள்ளி அதை உள்ளே வைக்கவும் முடியாது.

அப்படியானால் அந்த "டக்" என்ன செய்கிறது? இறுகிப் போன மூட்டு கொஞ்சம் இளகுகிறது. சுற்றி இருக்கும் சதையின் விறைப்புக் குறைகிறது. வலி கொஞ்சம் தணிகிறது.

இதைச் சோதித்தும் பார்த்தார்கள். 2008-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. குதிரையின் முதுகைக் கருவியால் அழுத்தி, எவ்வளவு அழுத்தம் வரை தாங்குகிறது என்று அளந்தார்கள். கைரோபிராக்டிக் செய்த குதிரைகள் முன்னைவிட அதிகம் தாங்கின. உருவி விட்ட குதிரைகளும் ஓரளவு தாங்கின. நல்ல செய்திதான். ஆனால் ஒன்று: அந்தக் குதிரைகளுக்கு முதலில் முதுகு வலியே கிடையாது! வலியால் துடிக்கும் குதிரைக்கு அது நோய் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இன்னும் குறைவு.

வலி எங்கே இருந்து வருகிறது?

முதுகு வலிக்கிறது என்றால் கோளாறு முதுகில்தான் இருக்கும் என்பது இல்லை. பின்னங்காலில் வலி இருந்தால், அந்தக் காலைக் காப்பாற்றக் குதிரை முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு நடக்கும். நாளடைவில் முதுகும் வலிக்கும். லாடம் சரியில்லாமல் இருக்கலாம். எல்லாவற்றையும்விட, சேணம்! பொருந்தாத சேணம் இரண்டு பக்கமும் அழுத்தும். அதன் மேல் ஆள் ஏறி உட்காருகிறார். வாரம் ஒரு தடவை வைத்தியரைக் கூப்பிட்டுத் தட்டச் சொல்லிவிட்டு, மறுநாள் அதே சேணத்தைத் தூக்கி வைத்தால் என்ன பயன்? பணம்தான் போகும். அதுவும் வைத்தியருக்கு!

சில குதிரைகளுக்குச் சேணத்துக்கு நேர் கீழே, முதுகெலும்பின் மேல் முனைகள் ஒன்றோடு ஒன்று உரசும். டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் "முத்தமிடும் முள்ளெலும்பு". பெயர் இனிமையாக இருக்கிறது. குதிரையைக் கேட்டால் தெரியும்! உரசும் எலும்பைக் கையால் தள்ளிப் பிரிக்க முடியாது. எக்ஸ்ரே வேண்டும். சில சமயம் ஆபரேஷனே வேண்டும். (எக்ஸ்ரேயில் எலும்பு உரசுவது தெரிந்தும், வலியே இல்லாமல் ஓடும் குதிரைகளும் உண்டு. அதனால் படத்தை மட்டும் பார்த்தும் முடிவு கட்ட முடியாது.)

ஆபத்தும் இருக்கிறது. எலும்பில் விரிசல் இருந்தால், கழுத்தில் நரம்புத் தண்டு நசுங்கி இருந்தால், ஒரு தள்ளு போதும். குதிரையின் நிலைமை மோசமாகிவிடும்.

அதனால்தான் பிரிட்டன் நாட்டுச் சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. கால்நடை டாக்டர் முதலில் குதிரையைப் பார்க்க வேண்டும். அவர் செய்யச் சொன்ன பிறகே கைவைத்தியர் கை வைக்கலாம். இது நல்ல சட்டம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. அங்கேயும் இதே வரிசையை எல்லா மாநிலங்களிலும் கொண்டுவர வேண்டும். நல்ல கைவைத்தியருக்கு இதனால் நஷ்டம் இல்லை. டாக்டர் நோயைக் கண்டுபிடித்த பிறகு, விறைப்பை எடுக்க அவருடைய கை உதவும். "டாக்டரே வேண்டாம், எல்லாம் என் கையில் இருக்கிறது" என்பவருக்குத்தான் நஷ்டம்.

எண்ணிப் பாருங்கள்

டாக்டரை எப்போது கூப்பிடுவது? அதற்கும் ஒரு வழி வந்திருக்கிறது. இங்கிலாந்தில் சூ டைசன் என்ற பெண் டாக்டர், சவாரியின்போது குதிரை காட்டும் வலிக் குறிகளை 2018-ல் பட்டியல் போட்டு வெளியிட்டார். மொத்தம் 24 குறிகள். காது மடங்குவது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, நாக்கு வெளியே தொங்குவது, வால் அடிப்பது, அடிக்கடி தடுக்குவது என்று போகிறது பட்டியல். இவற்றில் 8 அல்லது அதற்கு மேல் இருந்தால், அந்தக் குதிரைக்கு எங்கேயோ வலி இருக்கக் கூடும்.

வலிக்கும் இடத்தில் மரப்பு ஊசி போட்டு, மறுபடி சவாரி செய்து பார்த்தார்கள். குறிகள் குறைந்தன! முரடு என்று பெயர் வாங்கிய குதிரை ஒழுங்காக நடந்தது. குணம் அதேதான், வலிதான் இல்லை.

சவாரி செய்பவருக்குக் குதிரையின் முகம் தெரியாது. அவருக்குத் தெரிவது பிடரியும் காதும்தான். வேலி ஓரத்தில் நிற்பவர்தான் எண்ண வேண்டும். காது ஒன்று, வால் இரண்டு, வாய் மூன்று... இந்த எண்ணிக்கைக்குப் பீஸ் கிடையாது.