கடன்னு சொன்னாலே தப்பா?

‘ஐயோ, கடன்!’ என்று அலறுபவர்களுக்கு ஒரு பழைய கணக்கு.

1892. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். சான் பிரான்சிஸ்கோ துறைமுகம் அப்போ மாநில அரசு கையில. அங்கே படகு முனையம் கட்ட 6 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிடலாமான்னு தேர்தல் வாக்குச்சீட்டுலயே மக்கள்கிட்ட கேட்டாங்க. நகரத்துல மட்டுமில்ல, மாநிலம் முழுக்க! கடல் பக்கமே போகாத விவசாயிக்கும் ஓட்டு உண்டு. ‘எனக்கென்ன லாபம், என் வரிப்பணம் போகுமே’ன்னு அவர் கேட்டா? பதில் சட்டத்திலேயே இருந்தது: அசலும் வட்டியும் துறைமுக வருமானத்திலிருந்து.

மக்கள் சரின்னாங்க.

எவ்வளவு கடன்னு மட்டும் பேசுறவங்க, எதுக்கு, எதுல இருந்து அடைப்பாங்கன்னும் கேளுங்க. எங்ககிட்டயும்தான்!

1898ல் திறந்த அந்தக் கட்டடம் 1906 நிலநடுக்கத்தையும் தாங்கி இன்னிக்கும் நிக்குது, மணிக்கூண்டோட.