யாரு வந்தேறி? சேர்வராயன் மலையில் ஒரு ராத்திரி

ஏற்காடு மலையாளிகள் வீட்டுக்கு சேர்வராயன் திருவிழாவுக்குப் போறேன்னு சொன்னதும் கூட வந்த நண்பர் கேட்ட முதல் கேள்வி, "அவங்க ஓணம் கொண்டாடுவாங்களா?" :-)

மக்களே, இந்த மலையாளிக்கும் கேரளாவுக்கும் சம்பந்தம் கிடையாது. மலையை ஆளுறவங்க, மலையாளி. பேசுறது தமிழ். சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்னு பரவிக் கிடக்குறாங்க. முன்னோர்கள் காஞ்சிபுரத்துலேருந்து வந்ததா அவங்களே சொல்லும் கதை ஒண்ணு உண்டு. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன்னு மூணு பேர், ஆளுக்கொரு மலையா பிரிஞ்சு போனாங்களாம். யாரு எந்த மலைக்குப் போனாங்கங்கிறது சொல்றவங்களைப் பொறுத்து மாறும்.

வைகாசி மாசம். ஊர் நாகலூர் தாண்டி உள்ளே. போய்ச் சேரும்போது இருட்டிடுச்சு. அந்த வீட்டு ஆத்தா எங்களைப் பார்த்ததும், "குளுருல வந்துட்டீங்களே கண்ணு" என்று சொல்லிக் கம்பளியைத்தான் முதலில் கொடுத்தார், அப்புறம்தான் தண்ணி. சாப்பாடு சாமைச் சோறும் மொச்சைக் கொட்டைக் குழம்பும். "தெனமும் ரேசன் அரிசிதான், சாமிக்குத்தான் சாமை" என்றார். நான் மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பரிமாறினது ரெண்டு பசங்க. ஒருத்தன் அந்த வீட்டுப் பேரன். இன்னொருத்தன் அவனோட சேலத்தில் காலேஜ் படிக்கிற சிநேகிதன், பர்கூர் மலைக்காரன். அவனும் மலையாளிதான். ரெண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே குண்டானைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க.

மேளச் சத்தம் கேட்டுக்கிட்டே திண்ணையில் படுத்திருந்தபோது நண்பர் ஆரம்பிச்சார். "காஞ்சியிலேருந்து வந்தோம்னு அவங்களே சொல்றாங்க. அப்ப வந்தேறிதானே? பழங்குடின்னு எப்படிச் சலுகை?"

எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கிட்டு ஒரு கணக்கு சொன்னேன். இந்த மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தது சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன், 1820களில். செடியே வந்தேறி. எஸ்டேட் வச்ச துரைமாரும் வந்தவங்க, இன்னைக்கு காட்டேஜ் கட்டுறவரும் வந்தவர்தான். இத்தனை பேர் வந்த மலையில, ரொம்ப முன்னாடி வந்தவனை மட்டும் நிறுத்தி "நீ எங்கேருந்து வந்தே"ன்னு கேட்பது என்ன நியாயம்? உண்மையாச் சொன்னான் என்பதற்காகவா? கீழே சமவெளியில் நம்ம தாத்தனுக்குத் தாத்தன் எந்த ஊர்னு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இருட்டில் அந்தப் பர்கூர் பையன் குரல் வந்தது. "எனக்கு அந்தச் சலுகையும் இல்லீங்க சார்."

விஷயம் இதுதான். பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்று எழுதி, பக்கத்திலேயே மாவட்டப் பெயர்களும் போட்டிருக்கும். சேலம், தர்மபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை. எல்லாம் பழைய எல்லைகள். நாமக்கல் 1997ல் சேலத்திலிருந்து பிரிந்ததால் தப்பித்தது. ஈரோடு 1979ல் பிரிந்தது கோயம்புத்தூரிலிருந்து, கோவை அந்த வரிசையிலேயே இல்லை. ஆகவே பர்கூர் மலையாளி மலையாளி இல்லை! ஒரே சாமி, ஒரே கதை, ஒரே குண்டான் சோறு. ஒருத்தனுக்குச் சான்றிதழ் உண்டு, இன்னொருத்தனுக்கு இல்லை. காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பிகளுக்கு, எந்த மலையில் ஏறினால் பிற்காலத்தில் எந்த தாலுகா ஆபீஸ் வரும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும் போல.

பட்டியலைத் திருத்த முடியாதா? நரிக்குறவர்களை 2023ல் சேர்க்கவில்லையா? அதற்கும் பல வருஷம் பிடித்தது, சரி. ஆனால் இங்கே புதுசா ஒரு இனத்தைச் சேர்க்கச் சொல்லவில்லை. இருக்கிற பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அடைப்புக்குறியை எடுத்தால் போதும் என்பது என் கட்சி. ஆய்வு நடத்தணும் என்பவர்கள் ஒரு திருவிழா ராத்திரி இங்கே வந்து படுத்துப் பார்க்கட்டும்.

விடிகாலையில் மேலே ஏறினோம். 5300 அடிக்கு மேலே, மொட்டையா பரந்த உச்சி. குகைக்குள் குனிஞ்சு போனால் சேர்வராயனும் காவேரியம்மனும். அன்னைக்கு அங்கே நிக்க இடமில்லை. நண்பர் பர்கூர் பையனிடம் ஏதோ கேட்டுக்கிட்டே வந்தார். தாலுகா, தாசில்தார் என்று காதில் விழுந்தது.

கிளம்பும்போது ஆத்தா ஒரு முழுப் பலாப்பழத்தைக் கொடுத்துவிட்டார். நண்பர்தான் தூக்கிக்கிட்டு வந்தார். சேலம் போற வரைக்கும் பஸ் பூரா அதே வாசம், கண்டக்டர் ரெண்டு சுளை கேட்டு வாங்கிக்கிட்டார்.