"சபர் செய்" என்று சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது



2004 டிசம்பர் 26 அன்று மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் சிறுபிள்ளைகளாக ஓடித் தப்பியவர்கள்தான் இன்று உம்மாமார், வாப்பாமார். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மௌத்தான நாள் அது. பிடித்திருந்த தம்பியின் கை நழுவிப் போனதைக் கண்ணால் கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பிறகு வீடு கட்டிக் கொடுத்தார்கள், ரோட்டுப் போட்டார்கள். உளவளத்துணை என்று வந்தவர்கள் புரொஜெக்ட் முடிந்ததும் போய்விட்டார்கள். மனசுக்குள் நின்ற கடல் மட்டும் வற்றவில்லை.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுனாமி எச்சரிக்கை வந்தபோது ஊரே எப்படி ஓடியது என்பது ஞாபகம் இருக்கிறதா? அலை வரவில்லை. ஆனால் அன்று ஓடிய சிலர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மழை இரைந்தால் தூங்க மாட்டார்கள். பெருநாளைக்குக்கூட பிள்ளையைக் கடற்கரைக்கு விட மாட்டார்கள். பீங்கான் விழுந்து உடைந்தால் பதறி எழும்புவார்கள், அடுத்த நிமிடம் பிள்ளைக்கு அடி விழும். சிலர் அடிக்கவே மாட்டார்கள், கதைக்கவும் மாட்டார்கள். ஒரே வீட்டில் இருந்தும் பிள்ளைக்கு வாப்பா இல்லை.

எல்லாக் கோபமும் இந்த நோயல்ல. ஆனால் இப்படியும் ஒரு நோய் இருக்கிறது. நெஞ்சு நடுங்கிய அனுபவத்துக்குப் பிறகு வருவது. வருடக்கணக்கில் நிற்பது.

இதன் மிச்சத்தை ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பறையில் காண்கிறோம். கொப்பியைப் பார்ப்பதற்கு முன் எங்கள் முகத்தைப் பார்க்கும் பிள்ளை. குரலை உயர்த்தினாலே உறைந்து போகும் பிள்ளை. உம்மா தனியே பயப்படுவா என்று பாடசாலைக்கு வராமல் நிற்கும் பிள்ளை. சுனாமிக்குப் பல வருடங்களுக்குப் பின் பிறந்தவர்கள் இவர்கள்!

இந்தப் பெற்றோருக்கு நாம் என்ன சொல்கிறோம்? "ஈமான் குறைவு." "ஜின் கோளாறு." "எல்லாருக்கும்தானே நடந்தது, சபர் செய்."

யஃகூப் நபி அலைஹிஸ்ஸலாம் மகனைப் பிரிந்த துயரத்தில் கண் பார்வையையே இழந்தார்கள். அவர்களுக்கா ஈமான் குறைவு? அழகிய பொறுமைக்கு நாம் உதாரணம் காட்டுவதும் அதே நபியைத்தானே! சபர் என்பது வாயைப் பொத்திக்கொண்டு பிள்ளையோடு சேர்ந்து நோவது அல்ல.

ஓதிப் பாருங்கள், துஆ கேளுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் சீனி வருத்தத்துக்கு ஓதிய தண்ணீரையும் குடித்து, கிளினிக்குக்கும் போகிறோம்தானே? இதற்கு மட்டும் ஏன் வெட்கம்? "பிள்ளைக்குச் சம்பந்தம் பேசி வந்தால் விசாரிப்பார்கள்" என்ற பயம்தானே? அப்படி விசாரித்து உறவை முறிப்பவர்களும் நாம்தான். அந்தப் பயத்தை உண்டாக்கியவர்களும் நாம்தான்.

இருபது வருடம் கடந்தாலும் இதற்குச் சிகிச்சை உண்டு. முறையாகப் பயிற்சி பெற்றவரோடு கதைத்து, அந்த ஞாபகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கிக்கொள்ளும் முறைகள் இருக்கின்றன. தேவைப்பட்டால் மாத்திரையும் இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் காசு இல்லை. 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு அழைக்கலாம்.

நாம் கேட்பது பெரிய விடயமல்ல. மௌலவிமார்களே, வருடத்தில் ஒரு ஜும்ஆவிலாவது இதைப் பேசுங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகளே, கத்தனா வைபவத்துக்குப் பந்தல் போடத் தெரிந்த நமக்கு, ஒரு மனநல வைத்தியரை ஊருக்கு அழைக்கத் தெரியாதா? கணவன்மார்களே, மனைவி நடுங்கினால் "பைத்தியம்" என்று சிரிக்காமல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். சகோதரிகளே, பக்கத்து வீட்டுப் பெண் கிளினிக்குக்குப் போனால் அதை ஊர்க் கதையாக்காதீர்கள்.

பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். உம்மா, வாப்பாவின் காயத்தை ஆற்றுவதும் அந்த அமானிதத்தில் சேர்ந்ததுதான். கடல் எடுத்தவர்களுக்காகத் துஆ கேட்போம். கரையில் மிஞ்சியவர்களுக்கு மருந்தையும் தேடிக் கொடுப்போம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.