18 வயதோடு துணை முடியக் கூடாது: எங்கள் நிலைப்பாடு

ஏற்காட்டில் சேர்வராயன் கோயிலைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் வேலை செய்யும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது: சிறு வயதில் சொந்த வீட்டிலேயே கொடுமைப்பட்டு வளர்ந்தவர்கள் எந்த வயதில் வந்து கேட்டாலும், கட்டணமில்லாத மனநல ஆலோசனை தொடர்ச்சியாக, மலையிலேயே கிடைக்க வேண்டும்.

குழந்தைக்கு 1098 என்ற உதவி எண் இருக்கிறது, போக்சோ சட்டம் இருக்கிறது. இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 21 வயதுவரை பின்தொடர் ஆதரவு தரச் சொல்கிறது. யாரும் மீட்காமல், அடி வாங்கிக்கொண்டே அதே வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அதுவும் இல்லை. 2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வை வெளியிட்டது. அதன்படி, குடும்பத்தில் அடிபட்ட குழந்தைகளில் 88.6 சதவீதம் பேரை அடித்தவர்கள் பெற்றோரே. தமிழ்நாடு அந்த ஆய்வில் இல்லை. அன்று பதில் சொன்ன பிள்ளைகளும், அவர்களைப் போல இங்கே அடிபட்ட பிள்ளைகளும் இன்று பெரியவர்கள். தூக்கம் கெட்டு, தன் குழந்தைமேல் கை ஓங்கிவிடுவோமோ என்று பயந்து வரும் அவர்களுக்கென்று எந்தத் திட்டமும் இல்லை.

மே மாதத் திருவிழாவில் அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே குடும்பமாகத்தான் கோயிலுக்கு வருகிறார்கள். இதை மலைமக்களின் குறையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழே மாடி வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. அங்கே சிலராவது பணம் கொடுத்து ஆலோசகரைத் தேடிக்கொள்கிறார்கள்.

காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போகும் பெண் மனநல மருத்துவரைப் பார்க்கச் சேலத்துக்கு இறங்கினால் அன்றைய கூலி போயிற்று. 20 கொண்டை ஊசி வளைவு கடந்து, ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று டாக்டர் முன் உட்கார்ந்தால், பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படிதான் பேச வேண்டும். மாத்திரை கிடைக்கும், சிலருக்கு அது அவசியமும்கூட. ஆனால் 25 வருடம் வாய் திறக்காததை அந்த ஐந்து நிமிடத்தில் யார் சொல்வார்கள்? துணைக்கு வந்த அண்ணன் பக்கத்தில் நிற்கும்போது?

மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் 2022 முதல் இயங்குகிறது. தமிழில் பேசலாம், தவிப்பவர்கள் இன்றே அழையுங்கள். ஆனால் டவர் கிடைக்காத ஊரிலும் ஒற்றை அறை வீட்டிலும் போன் மட்டும் போதாது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18ஆம் பிரிவில், கட்டுப்படியாகும் மனநல சேவையை உரிமையாக்கியிருக்கிறது. அந்த உரிமையைத்தான் கேட்கிறோம். ஏற்காடு அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாள், கதவு சாத்திய அறையில், ஆலோசகர் ஒருவர் உட்கார வேண்டும். ஆளை மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வது இன்னொரு தண்டனை. அவர் உள்ளூர்க்காரராகவும் இருக்கக் கூடாது. கிராம சுகாதார செவிலியர் வழிகாட்டினால் போதும், கதை கேட்க வேண்டியதில்லை. பெரியவர்களான பிறகு வருபவர்களிடம் போலீஸ் புகாரையோ, பெற்றோரை மன்னிப்பதையோ நிபந்தனையாக வைக்கக் கூடாது.

அரசின் மாவட்ட மனநலத் திட்டம் இதற்கு ஏற்பாடு செய்யும்வரை, சேலத்துக்குப் போக வேண்டியவர்கள் விரும்பினால் எங்கள் ஊழியர் ஒருவர் பஸ்ஸில் கூட வருவார். பஸ் கட்டணம் எங்களுடையது. என்ன நடந்தது என்று அவர் கேட்க மாட்டார்.