திறந்தவெளி ஏழையின் சொத்து!

கோடை விடுமுறை வந்துவிட்டது. பள்ளிக்கூடங்களுக்குப் பூட்டு விழும். நம் பிள்ளைகளோ பத்துக்குப் பத்து அறைக்குள் பூட்டப்படுவார்கள். நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் டிக்கெட் கிடைத்தவர்கள் ஊருக்குப் போவார்கள். கிடைக்காதவர்களும், கிடைத்தாலும் கைச்செலவுக்கு வழியில்லாதவர்களும், வேலையை விட்டால் வேலையே போய்விடும் என்ற நிலையில் உள்ளவர்களும் மும்பையிலேயே இருப்பார்கள். அவர்கள்தாம் நம்மில் பெரும்பாலோர். அவர்களுக்காக இந்தத் தலையங்கத்தை எழுதுகிறோம்.

“வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லை, உல்லாசப் பயணம் ஒரு கேடா?” என்று சிலர் கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவர்களுக்கு இந்த நகரத்தின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. பம்பாய் மில் தொழிலாளிக்கு ஒரு காலத்தில் வார ஓய்வு என்பதே கிடையாது. நாராயண் மேகாஜி லோகண்டே என்ற மனிதர் தொழிலாளர்களைத் திரட்டி ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகுதான், 1890 ஜூன் 10-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கு மில் முதலாளிகள் இணங்கினார்கள். நாடு விடுதலை பெற்றபின் வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வை எழுத்தில் உறுதி செய்தது. ஆக, விடுமுறை என்பது எந்த முதலாளியும் போட்ட பிச்சை அல்ல. போராடிப் பெற்ற உரிமை. அந்த ஒரு நாளை மனைவி மக்களோடு நல்ல காற்றில் கழிக்க ஓர் இடம் இல்லையென்றால், அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

இதை நமக்கு ஈவிரக்கமில்லாமல் கற்றுக்கொடுத்தது கொரோனா. 2020 மார்ச் 25-இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் முதல் தேதி தாராவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் பல இலட்சம் பேர் நெருங்கி வாழும் இடம் அது. ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். பொதுக் கழிப்பிடத்துக்கு வரிசை. “வீட்டிலேயே இருங்கள், ஆறடி தள்ளி நில்லுங்கள்” என்று வானொலியும் தொலைக்காட்சியும் ஓயாமல் சொல்லின. பத்தடி அறையில் ஆறடி தள்ளி எப்படி நிற்பது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அப்போது தாராவியைக் காப்பாற்றியவற்றுள் ஒன்று எது தெரியுமா? அங்கே மிச்சமிருந்த கொஞ்சம் திறந்தவெளி! ராஜீவ் காந்தி விளையாட்டு வளாகம் நோய்த் தொடர்பில் இருந்தவர்களைத் தனிமைப்படுத்தும் முகாமாயிற்று. மகாராஷ்டிரா நேச்சர் பார்க்கின் வண்டி நிறுத்துமிடத்தில் 200 படுக்கைகளோடு தற்காலிக மருத்துவமனை எழுந்தது. பாந்த்ரா குர்லா வளாகத்து மைதானத்திலும் பெரிய கொரோனா மருத்துவமனை அமைந்தது. மருத்துவர்களும் செவிலியர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் நம் தெருப் பையன்களும் உழைத்த உழைப்பால் நோய் அடங்கியது. 2020 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அந்த மைதானங்களில் எல்லாம் முன்பே கட்டடம் எழும்பியிருந்தால் நோயாளிகளை எங்கே படுக்க வைத்திருப்பார்கள்? சிந்தித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் மறக்க முடியாது. இந்த நோய் அடைபட்ட அறையில் பரவுவதைவிடத் திறந்தவெளியில் பரவுவது மிகமிகக் குறைவு என்பது 2021-க்குள் நன்கு தெளிவாகிவிட்டது. மூச்சில் கலந்து வரும் கிருமி அறைக்குள் தங்கி நிற்கிறது; வெட்டவெளியில் காற்று அதைக் கலைத்துவிடுகிறது. இந்த உண்மை தெரிந்த பிறகும் அதிகாரிகள் செய்தது என்ன?

2021 டிசம்பர் கடைசியில் ஒமிக்ரான் அலை எழுந்தபோது, மாலை 5 மணி முதல் காலை 5 மணி வரை கடற்கரை, பூங்கா, மைதானம், கடலோர நடைபாதை எதற்கும் போகக்கூடாது என்று மும்பைக் காவல்துறை உத்தரவு போட்டது. புத்தாண்டுக் கூட்டத்தைத் தடுக்க வேண்டும் என்ற கவலை நியாயமானதே. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் 2022 ஜனவரியில் மாநில அரசு வெளியிட்ட கட்டுப்பாடுகளில், குளிர்சாதன மால்களுக்கும் உணவு விடுதிகளுக்கும் பாதி ஆட்களோடு இரவு 10 மணி வரை அனுமதி இருந்தது! காற்றோட்டமுள்ள இடத்துக்குத் தடை. கதவடைத்த இடத்துக்கு அனுமதி. பணம் செலவழிக்கிறவனுக்கு வழி. காசில்லாமல் காற்று வாங்குகிறவனுக்குத் தடி. உழைப்பவன் வேலை முடிந்து வெளியே வருவதே மாலை 5 மணிக்குப் பிறகுதான் என்பது உத்தரவு போட்டவர்களுக்குத் தெரியாதா?

லோக்கல் வண்டியின் கதையும் இப்படித்தான். 2020 மார்ச்சில் நின்ற வண்டி பொதுமக்களுக்குச் சரியாகக் கிடைக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2021 ஆகஸ்ட் 15 முதல், இரண்டு ஊசியும் போட்டு 14 நாள் கழிந்தவர்களுக்கு மட்டும் அனுமதி என்றார்கள். அதுவும் தொடக்கத்தில் மாதப் பாஸ்தான். 18 வயது முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கு ஊசியே அந்த ஆண்டு மே மாதத்தில்தான் தொடங்கியது. ஊசி கிடைக்காமல் எத்தனை நாள் வரிசையில் நின்று திரும்பினோம்! கார் வைத்திருந்தவர் லோணாவாலா போய் வந்தார். லோக்கலை நம்பியவன் தாதர் சௌபாத்தியைக்கூட எட்டிப் பார்க்க முடியவில்லை.

கொள்ளைநோய்க்கும் திறந்தவெளிக்கும் உள்ள உறவு மும்பைக்குப் புதிதல்ல. 1896-இல் இந்த நகரத்தில் பிளேக் புகுந்து ஆயிரக்கணக்கில் உயிர்களை வாரிக்கொண்டு போனது. நெருக்கடிதான் நோயை வளர்க்கிறது என்று கண்டு 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அன்றைய அரசு அமைத்தது. கடற்காற்று உள்ளே வரட்டும் என்றே பிரின்சஸ் தெருவும் சாண்ட்ஹர்ஸ்ட் சாலையும் வெட்டப்பட்டன. தாதர், மாட்டுங்கா பகுதிகளைத் திட்டமிட்டுக் கட்டியதும் அந்த டிரஸ்ட்தான். இன்று மாட்டுங்காவில் நாம் நிழலுக்கு ஒதுங்கும் ஐந்து தோட்டங்கள் அந்தத் திட்டத்தில் பிறந்தவையே. வெள்ளைக்கார ஆட்சி இதை ஏழைக்காகச் செய்யவில்லை. எத்தனையோ ஏழைகளின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன, அவர்கள் சால்களுக்கும் சேரிகளுக்கும் விரட்டப்பட்டார்கள். ஆனாலும், நோய் வந்தபின் நகருக்குக் காற்று வேண்டும் என்ற பாடத்தையாவது கற்றார்கள். நம் காலத்து ஆட்சியாளர்கள் கொரோனாவிலிருந்து என்ன கற்றார்கள்? மும்பையில் ஆளுக்குக் கிடைக்கும் திறந்தவெளி ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர்தான் என்கிறார்கள். ஒருவர் படுக்கப் பாய் விரிக்கக்கூட அந்த இடம் போதாது!

ஆட்சியாளர்களைக் கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இருப்பதை நாம் சரியாகப் பயன்படுத்துகிறோமா என்பதையும் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-இல் கொரோனா அவசரநிலையை முடித்துக்கொண்டது. ஆனால் கிருமிகள் முடித்துக்கொள்ளவில்லை. சளிக்காய்ச்சல் ஆண்டுதோறும் வருகிறது; இன்னொரு கொள்ளைநோய் வராது என்று எந்த மருத்துவரும் உறுதி சொல்ல மாட்டார். ஆகவே, நோய்க்காலத்திலும் செல்லத்தக்க, செலவில்லாத இடங்களை நம் குடும்பங்கள் இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தாராவிக்காரர்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பது மகிம் ஆற்றோரத்து நேச்சர் பார்க். 37 ஏக்கர். ஒரு காலத்தில் நகரத்துக் குப்பையெல்லாம் கொட்டிய இடம். மரம் நட்டு வளர்த்து 1994-இல் பூங்காவாகத் திறந்தார்கள். குப்பைமேட்டையே காடாக்க முடியும் என்பதற்குக் கண்முன் சாட்சி. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை. சயான் கோட்டைக் குன்று நடந்தே போகும் தூரம். மேலே ஏறினால் காற்றும் கிடைக்கும், ஊரும் தெரியும், காசும் வேண்டாம். சிவாஜி பார்க், தாதர் சௌபாத்தி, மலபார் குன்றின் தொங்கு தோட்டம், பிள்ளைகள் விரும்பும் பெரிய பூட்ஸ் வீடு உள்ள கமலா நேரு பூங்கா, இவையும் கட்டணம் இல்லாதவை. சிவடி கடலோரச் சேற்றில் நவம்பர் முதல் மே வரை செந்நிற நாரைக் கூட்டம் வந்து இறங்குகிறது. அலை ஏறி இறங்கும் நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனால் இலவசமாகக் காணலாம். மேற்குப் புறநகர்த் தமிழர்களுக்குப் போரிவலியின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா இருக்கிறது; 100 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த காடு; உள்ளே பாறையைக் குடைந்து பௌத்தத் துறவிகள் வாழ்ந்த கான்ஹேரிக் குகைகள். அங்கே திங்கட்கிழமை விடுமுறை. பைகுல்லா ராணி பாக்கில் புதன்கிழமை விடுமுறை. வாசல்வரை போய்த் திரும்பாமல் இருக்க இதையும் நினைவில் வையுங்கள்.

போகும் முறையிலும் கவனம் வேண்டும். காலை வெயில் ஏறுமுன் புறப்பட்டு, பத்து மணிக்குள் திரும்புங்கள். அல்லது மாலையில் போங்கள். புளிச்சோறும் தண்ணீரும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். செலவும் மிச்சம், வயிறும் கெடாது. காய்ச்சல், இருமல் உள்ளவர் அன்று வீட்டில் இருக்கட்டும். பூங்கா அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும். நோய் பரவும் காலத்தில் பயணத்தில்தான் ஆபத்து அதிகம், சேர்ந்த இடத்தில் அல்ல. ஆகவே நடக்கக்கூடிய தூரத்துக்கு நடந்து போங்கள். வண்டியில் ஏறினால் முகக்கவசம் போட்டுக்கொண்டு சன்னலோரம் நில்லுங்கள். உறவினர் வந்தால் அறைக்குள் இருபது பேர் நெருக்கி உட்காராமல் பூங்காவில் கூடுங்கள். கடற்கரைக்குப் போனால் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அக்சா போன்ற கடற்கரைகளில் இறங்கிக் குளித்து உயிரைவிட்ட இளைஞர்கள் பலர். மழைக்காலத்தில் எந்தக் கடலையும் நம்பாதீர்கள்.

ஆனால் வழி சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. காசில்லாத இடங்கள் ஒவ்வொன்றாகக் காசுள்ள இடங்களாகின்றன. ராணி பாக்கில் பெரியவருக்கு 5 ரூபாயாக இருந்த நுழைவுக் கட்டணம், பெங்குவின் வந்தபின் 2017-இல் 50 ரூபாயாயிற்று. பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் போக 100 ரூபாய்; மூன்றாவது பிள்ளை இருந்தால் அதற்கு மேல். 2019-இல் 5 ரூபாயாகக் குறைக்கப்பட்ட பெஸ்ட் பேருந்தின் குறைந்த கட்டணம், 2025 மே மாதத்தில் 10 ரூபாயாக ஏற்றப்பட்டது. நான்கு பேர் போய்த் திரும்ப 80 ரூபாய். நாள்கூலிக்காரன் இதைக் கணக்குப் பார்க்கமாட்டானா?

ஆகவே நாம் கோருவது இது:

1. இனி எந்தத் தொற்று வந்தாலும் பூங்காவும் கடற்கரையும் கடைசியில் மூடப்பட வேண்டும். முதலில் திறக்கப்பட வேண்டும். கூட்டத்துக்கு அஞ்சினால் முறைவைத்து உள்ளே விடட்டும்.

2. தாராவி மறுவளர்ச்சித் திட்டத்தில் பொதுமக்களுக்கான மைதானங்களும் மரநிழலும் தரைமட்டத்தில், யாரும் நுழையக்கூடிய இடத்தில் அமைய வேண்டும். மாடிமேல் புல் விரித்து அதைப் பூங்கா என்று கணக்குக் காட்டக்கூடாது. நேச்சர் பார்க்கின் ஓர் அங்குலமும் குறையக்கூடாது.

3. ராணி பாக் போன்ற இடங்களில் மாதம் ஒரு ஞாயிறு அனைவருக்கும் இலவச நாளாக வேண்டும். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளிடம் எந்நாளும் கட்டணம் கேட்கக்கூடாது.

4. ஞாயிறு, பண்டிகை நாட்களில் குடும்பம் முழுவதற்கும் ஒரே டிக்கெட்டை பெஸ்ட் நிறுவனம் குறைந்த விலையில் தர வேண்டும்.

5. எல்லாப் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் குடிநீரும் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பிடமும் வேண்டும். இது இல்லாததால்தான் நம் தாய்மார்கள் பலர் “நான் வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள்” என்று வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள்.

நம் சங்கக் கிளைகளுக்கும் ஒரு வேலை உண்டு. மாதம் ஒரு ஞாயிறு, கிளைக்கு ஐந்தாறு குடும்பங்களாகச் சேர்ந்து புறப்படுங்கள். வயதானவர்களையும், கணவனை இழந்த சகோதரிகளின் பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு மராட்டியரும் உத்தரப் பிரதேசத்துக்காரரும் வருகிறேன் என்றால் வரட்டும். காற்றுக்கு மொழி கிடையாது, நெருக்கடியில் வாடும் அவர்களும் நம்மைப் போன்ற உழைப்பாளிகளே. போன இடத்தில் குழாய் உடைந்திருந்தால், வேலி அடைத்திருந்தால், யாராவது வளைத்துப் போட்டிருந்தால் எழுதிக்கொண்டு வாருங்கள். அவற்றைத் திரட்டி மாநகராட்சியின் வார்டு அலுவலகத்தில் மனுவாகக் கொடுப்போம்.

ஆளில்லாத மைதானத்தை அபகரிப்பது எளிது. ஞாயிறுதோறும் ஆயிரம் பிள்ளைகள் ஓடி விளையாடும் மைதானத்தில் யாரும் அவ்வளவு எளிதாகக் கை வைக்க முடியாது. இந்த நகரத்தின் சாலையும் கட்டடமும் ரயில்பாதையும் நம் வியர்வையில் எழுந்தவை. அதன் மரநிழலிலும் கடற்காற்றிலும் நமக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கைக் கேட்டுப் பெறுவோம். பெற்றதை விடாமல் காப்போம்!